சதுரங்கப்பட்டினமும் ஒல்லாந்தரின் நடுநிலையும்: காஞ்சி வட்டாரம் கண்ட ஓர் உலகப் போர்

ஒல்லாந்தக் குடியரசு 1748-இல் ஏற்பட்ட சமாதானத்துக்குப் பிறகு ஐரோப்பிய வல்லரசுகளின் போர்களில் தலையிடுவதில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. முப்பத்திரண்டு ஆண்டுகள் நீடித்த இந்த ஒதுக்கம் 1780 டிசம்பர் 20 அன்று பிரிட்டனின் போர் அறிவிப்பால் முறிந்தது. வட அமெரிக்காவில் தொடங்கி மேற்கிந்தியத் தீவுகள், வட கடல், இந்தியப் பெருங்கடல் என்று பரவிய போர் அது. அதன் ஒரு முனை காஞ்சிபுரத்துக்குத் தென்கிழக்கே, நேர்கோட்டில் சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சதுரங்கப்பட்டினத்தைத் தொட்டது. 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும் வரை இவ்வூர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. நடுநிலை நாடொன்று போருக்குள் எப்படி இழுக்கப்படுகிறது என்ற கேள்விக்கு அமைச்சரவை ஆவணங்களிலேயே விடை தேடுவது வழக்கம். காஞ்சி வட்டாரத்தின் தறிகளிலிருந்தும் துறைமுகங்களிலிருந்தும் பார்த்தால் அதே வரலாறு வேறு கோணத்தில் தெரிகிறது.

துணிக்காக வந்தவர்கள்

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி 1610-இல் பழவேற்காட்டில் காலூன்றியது. 1613-இல் அங்கே கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1658-இல் போர்த்துக்கீசரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பறித்த கம்பெனி, 1690-ஐ ஒட்டிச் சோழமண்டலக் கரையின் தலைமையிடத்தை அங்கே மாற்றியது. சதுரங்கப்பட்டினம் இந்த இரண்டுக்கும் இடையில் அமைந்த நடுத்தரத் துறைமுகம். அதன் பெயரைச் சிறப்பித்தது மெல்லிய மஸ்லின் துணி.

கம்பெனிக்கு இத்துணி விற்பனைச் சரக்கு மட்டுமன்று, நாணயமும்கூட. மலுக்குத் தீவுகளின் சாதிக்காயும் கிராம்பும் வெள்ளிக்குக் கிடைத்ததைவிடச் சோழமண்டலத் துணிக்கு எளிதாகக் கிடைத்தன. ஆகவே கம்பெனியின் ஆசியத் தலைமையிடமான பத்தாவியாவின் நறுமணப் பொருள் வணிகமே தமிழ்நாட்டுத் தறிகளை நம்பி நின்றது. உள்ளூர் வணிகர்களைப் பங்குக் குழுக்களாகச் சேர்த்து, அவர்கள் வழியாக நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்துத் துணி பெறும் முறையை ஒல்லாந்தர் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வகுத்துக்கொண்டனர்.

கரையிலிருந்து உள்நாட்டுக்கு நீண்ட இந்த முன்பணச் சங்கிலி காஞ்சிபுரத்தைச் சூழ்ந்த ஊர்களிலும் ஓடியது. காஞ்சிபுரத்தைத் தலைமையாகக் கொண்ட எழுபத்திரண்டு நாடுகள் என்ற அமைப்பைக் கைக்கோளர் மரபு பேசுகிறது. அவர்களோடு சாலியரும் தேவாங்கரும் இப்பகுதியில் தறி நெய்தனர். இன்று காஞ்சி என்றவுடன் பட்டு நினைவுக்கு வந்தாலும், 18-ஆம் நூற்றாண்டில் கப்பலேறிய சரக்கில் பருத்தியே பெரும்பங்கு. 1763-இல் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி இப்பகுதியை ஆங்கிலக் கம்பெனிக்கு ஜாகீராக (வருவாய் மானியமாக) அளித்தார். அதன்பின் தாமஸ் பர்னார்ட் இந்தச் செங்கல்பட்டு ஜாகீரின் சுமார் இரண்டாயிரம் ஊர்களை 1767 முதல் 1774 வரை அளந்து பதிவு செய்தார். ஊர்தோறும் யார் யார் குடியிருந்தனர், என்ன தொழில் செய்தனர் என்பதையெல்லாம் அப்பதிவுகள் காட்டுகின்றன. அன்றைய தமிழ்நாட்டு ஊர் வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு நெருக்கமான சான்று அபூர்வம்.

நெசவாளருக்கு ஒரு நன்மை இருந்தது. சென்னையில் ஆங்கிலேயர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர், சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் என்று வாங்குவோர் பலர். ஒருவரின் விலை கட்டாவிட்டால் அடுத்தவரிடம் போகலாம். முன்பணம் வாங்கிக்கொண்டு இடம் பெயரவும் செய்யலாம். நெசவாளர் தப்பியோடுகிறார்கள் என்ற புகார் ஐரோப்பியக் கம்பெனிகளின் கடிதங்களில் ஓயாமல் வருவதற்கு இதுவே காரணம்.

நடுநிலை தந்த லாபம்

கர்நாடகப் போர்களில் காஞ்சிபுரம் பட்ட பாட்டுக்கு அளவில்லை. அரண் போல் உயர்ந்த மதில்கள் இருந்ததால் கோயில்களே கோட்டைகளாக மாறின. 1751-இல் பிரெஞ்சுப் படையினர் பிடித்துவைத்திருந்த கோயிலைக் கிளைவ் கைப்பற்றினார். 1757-இல் கோயிலைப் பிடிக்க முடியாத பிரெஞ்சுக்காரர் ஊருக்குத் தீ வைத்தனர்.

அதே ஆண்டுகளில் சதுரங்கப்பட்டினம் அமைதியாக இருந்தது. 1754 ஜனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் பேசத் தேர்ந்தெடுத்த இடம் அதுதான். ஆங்கிலேயர் தரப்பில் ராபர்ட் பாக்கும் ஹென்றி வான்சிட்டார்ட்டும் வந்தனர். பிரெஞ்சுத் தரப்பில் பாதிரியார் லவோர் முதலானோர் வந்தனர். முகமது அலியை நவாபாக ஏற்பதா என்ற இடத்தில் பேச்சு முறிந்தது. இரு பகைவரும் படைக்கலம் இன்றி வந்து உட்காரக்கூடிய ஊர் அன்று இக்கரையில் வேறு அதிகமில்லை. நடுநிலைக்கு உலகம் அளித்த மதிப்பின் உச்சம் என்று அந்த மாநாட்டைச் சொல்லலாம்.

ஏழாண்டுப் போர் (1756–1763) தொடங்கியபோது, பழைய உடன்படிக்கையைச் சுட்டி 6,000 படைவீரர்களைப் பிரிட்டன் கேட்டது. குடியரசு கொடுக்கவில்லை. அதற்கு அறநெறி காரணமன்று. முந்தைய போர்களின் கடன் கழுத்தை நெரித்தது, கடற்படை மெலிந்திருந்தது, தெற்கு எல்லையில் பிரான்சின் படை நின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, போரிடும் நாடுகளின் சரக்கை நடுநிலைக் கொடியின்கீழ் ஏற்றிச் செல்வதில் ஆம்ஸ்டர்டாம் வணிகர்களுக்கு நல்ல வருவாய் இருந்தது. 1674-இல் பிரிட்டனோடு செய்த உடன்படிக்கை இதற்கு வழி வகுத்திருந்தது. ஒல்லாந்தக் கப்பலில் ஏறிய சரக்கு, பகைவனுடையதாக இருந்தாலும், போர்க்கருவியாக இல்லாதவரை பறிமுதலுக்கு உட்படாது என்பது அதன் சாரம். அன்று தன் வணிகத்தைக் காக்க விரும்பியது பிரிட்டன்தான். நூறாண்டு கழித்து அதே விதி தனக்கு எதிராகத் திரும்பியதை அது எதிர்பார்க்கவில்லை.

இந்தியாவில் நடுநிலையின் நிழல் அவ்வளவு தூரம் எட்டவில்லை. 1759 நவம்பரில் வங்காளத்தில் ஆங்கிலேயரின் வளர்ச்சியைத் தடுக்க ஒல்லாந்தக் கம்பெனி பத்தாவியாவிலிருந்து படை அனுப்பியது. சின்சுராவுக்கு அருகே பிதராவில் அப்படை முறியடிக்கப்பட்டது. ஐரோப்பாவில் இரு நாடுகளும் நட்பு நாடுகள்; கங்கைக் கரையில் அவர்களின் கம்பெனிகள் ஒன்றையொன்று சுட்டன. இச்சம்பவத்தை இரு அரசுகளும் பெரிதுபடுத்தாமல் விட்டன. ஆனால் தங்களைக் காத்துக்கொள்ளும் பலம் ஒல்லாந்தருக்கு இல்லை என்பதை ஆங்கிலேயர் அன்றே கணித்துக்கொண்டனர்.

அமெரிக்காவிலிருந்து வந்த நெருப்பு

1775-இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனுக்கு எதிராக எழுந்தபோது குடியரசின் நடுநிலை மீண்டும் சோதனைக்கு உள்ளானது. கரீபியக் கடலில் 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சின்ட் யூஸ்டேஷியஸ் தீவு ஒல்லாந்தருடையது. அமெரிக்கரின் புகையிலையும் அவுரியும் அங்கே இறங்கின. ஐரோப்பிய வெடிமருந்தும் துப்பாக்கியும் அங்கிருந்து ஏறின. 1776 நவம்பர் 16 அன்று ஆண்ட்ரூ டோரியா என்ற அமெரிக்கக் கப்பலுக்கு அத்தீவின் கோட்டை பீரங்கி மரியாதை செய்தது. ஆளுநர் யோகான்னஸ் டி கிராஃபை விசாரணைக்கு அழைக்கும்படி பிரிட்டன் வற்புறுத்தியது. அவர் சென்று விளக்கமளித்துவிட்டு மீண்டும் பதவிக்கே திரும்பினார்.

1778-இல் பிரான்சும் 1779-இல் ஸ்பெயினும் போரில் இறங்கியதும் பூசல் வேறு பொருளுக்குத் தாவியது. பால்டிக் பகுதியிலிருந்து பாய்மரத்துக்கான மரமும் கீலும் சணலும் ஒல்லாந்தக் கப்பல்களில் பிரெஞ்சுத் துறைமுகங்களுக்குப் போயின. இவை இல்லாமல் பிரான்சால் கடற்படை கட்ட இயலாது. 1674 உடன்படிக்கையின்படி இவை தடைசெய்யப்பட்ட பொருள்கள் அல்ல. சட்டம் ஒல்லாந்தர் பக்கமும் தேவை பிரிட்டன் பக்கமும் நின்றன.

குடியரசுக்குள்ளும் ஒருமனம் இல்லை. ஐந்தாம் வில்லியம் நாட்டின் தலைமைப் பொறுப்பான ஸ்டாட்ஹவுடர் பதவியில் இருந்தார்; பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் உறவினர், அந்நாட்டின் பக்கம் சாய்ந்தவர். தரைப்படையைப் பெருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கடற்படைதான் தேவை என்றது ஆம்ஸ்டர்டாம். ஒன்றை மற்றது தடுத்ததால் இரண்டும் வளரவில்லை. ஆம்ஸ்டர்டாமைத் தன்பக்கம் இழுக்க அந்நகருக்கு மட்டும் வணிகச் சலுகை தந்து பிரான்சு விளையாடியது. ஒல்லாந்த முதலீட்டாளர்களின் பெருந்தொகையோ பிரிட்டனின் அரசுக் கடன் பத்திரங்களில் கிடந்தது. இப்படிப் பல திசையில் இழுக்கப்பட்ட நாடு முடிவெடுக்காமல் இருப்பதையே கொள்கையாக்கிக்கொண்டது. பிற்கால ஆசிரியர்கள் சிலர் இதைச் சமநிலை என்று பாராட்டியுள்ளனர். சான்றுகள் காட்டுவது பெரும்பாலும் தயக்கத்தையே.

1779-ஆம் ஆண்டின் கடைசி நாள் அந்தத் தயக்கத்துக்கு அடி விழுந்தது. தளபதி பைலாண்ட் காவலில் சென்ற ஒல்லாந்த வணிகக் கப்பல்களை ஆங்கிலத் தளபதி ஃபீல்டிங் வழிமறித்தார். பெயருக்குச் சில குண்டுகள் சுட்டபின் பைலாண்ட் கொடியிறக்கினார். 1780 ஏப்ரலில் 1674 உடன்படிக்கை இனிச் செல்லாது என்று பிரிட்டன் அறிவித்தது.

காஞ்சிபுரத்தில் தங்கிய படை

ஒல்லாந்தர் தயங்கிக்கொண்டிருந்த அதே 1780-இல் இப்போர் காஞ்சிபுரத்தை எட்டிவிட்டது. வழி மாஹே. பிரான்சு போரில் இறங்கியதும் இந்தியாவிலுள்ள பிரெஞ்சு ஊர்களை ஆங்கிலேயர் ஒவ்வொன்றாகப் பிடித்தனர். 1779 மார்ச்சில் அவர்கள் கைப்பற்றிய மாஹே, மைசூரின் ஹைதர் அலி தன் பாதுகாப்பில் இருப்பதாக அறிவித்த துறைமுகம்; அவருக்குத் தேவையான பிரெஞ்சுச் சரக்கு இறங்கிய இடமும் அதுவே. 1769-இல் சென்னையில் செய்த உடன்படிக்கைப்படி மராட்டியருக்கு எதிராக ஆங்கிலேயர் உதவவில்லை என்ற பழைய மனக்குறையும் அவருக்கு இருந்தது. 1780 ஜூலையில் அவர் செங்கம் கணவாய் வழியாகக் கர்நாடகச் சமவெளியில் இறங்கினார்.

சர் ஹெக்டர் மன்றோ பரங்கிமலையிலிருந்து புறப்பட்டு ஆகஸ்ட் இறுதியில் காஞ்சிபுரம் வந்து முகாமிட்டார். குண்டூரிலிருந்து வந்த கர்னல் பெய்லியின் படை கொசஸ்தலையாற்று வெள்ளத்தால் தாமதித்து அவரைச் சேர முடியாமல் தவித்தது. செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு வடக்கேயுள்ள புள்ளலூரில் ஹைதரும் அவர் மகன் திப்புவும் பெய்லியைச் சூழ்ந்தனர். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட படை அழிந்தது அல்லது சிறைப்பட்டது. பீரங்கி ஓசை கேட்கும் தூரத்தில் இருந்தும் மன்றோ உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. பெரிய பீரங்கிகளைக் காஞ்சிக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு மறுநாளே செங்கல்பட்டு நோக்கிப் பின்வாங்கினார். பல்லவன் மகேந்திரவர்மன் பகைவரை வென்ற இடமாகக் காசாக்குடிச் செப்பேடு குறிப்பதும் இதே புள்ளலூரைத்தான். வடக்கிலிருந்து காஞ்சிக்கு வருபவரைத் தடுக்க அவ்விடம் எவ்வளவு ஏற்றது என்பதற்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளியில் இரண்டு சாட்சிகள் இருக்கின்றன.

போர் அறிவிப்பு

புள்ளலூர்ப் போருக்கு ஒரு வாரம் முன்பு, நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகே மெர்க்குரி என்ற கப்பல் பிடிபட்டது. அதில் வந்த ஹென்றி லாரன்ஸ் அமெரிக்கக் காங்கிரசின் தூதர். கடலில் எறிந்த அவருடைய காகித மூட்டை முழுகுவதற்குள் ஆங்கிலேயர் எடுத்துவிட்டனர். ஆம்ஸ்டர்டாமின் இசைவோடு 1778-இல் எழுதப்பட்ட வணிக உடன்படிக்கையின் வரைவு அதில் இருந்தது. குடியரசு அரசாங்கம் அறியாத வரைவு அது. ஆனாலும் பிரிட்டனுக்குக் கிடைத்த நல்ல சாக்கு.

சாக்கு எதற்குத் தேவைப்பட்டது என்றால், உண்மைக் காரணத்தைச் சொல்ல முடியாத நிலை. 1780 மார்ச்சில் ரஷ்யப் பேரரசி கேத்தரின் ஆயுதமேந்திய நடுநிலைக் கூட்டணியை அறிவித்திருந்தார். டென்மார்க்கும் சுவீடனும் சேர்ந்தன. நீண்ட விவாதத்துக்குப் பின் நவம்பர் 20 அன்று ஒல்லாந்தரும் சேர முடிவு செய்தனர். சேர்ந்துவிட்டால், கூட்டணிக்காகவே போர் மூண்டது என்று ரஷ்யா துணைக்கு வரக்கூடும். ஆகவே முறைப்படி கையெழுத்தாகுமுன், லாரன்ஸின் காகிதங்களைக் காரணம் காட்டி டிசம்பர் 20 அன்று பிரிட்டன் போர் அறிவித்தது. ரஷ்யா அசையவில்லை. நடுநிலையைக் காத்துக்கொள்ள எடுத்த ஒரே துணிந்த முடிவுதான் ஒல்லாந்தரைப் போருக்குள் தள்ளியது. முதல் சில வாரங்களிலேயே அவர்களுடைய சுமார் 200 வணிகக் கப்பல்கள் பிடிபட்டன. 1781 பிப்ரவரி 3 அன்று அட்மிரல் ராட்னி சின்ட் யூஸ்டேஷியஸைக் கைப்பற்றிச் சூறையாடினார்.

கரையோரத்தில் முடிந்த கணக்கு

சென்னைக்குச் செய்தி வர ஆறு மாதம் ஆயிற்று. 1781 ஜூன் 22 அன்று புதிய ஆளுநர் மெக்கார்ட்னி பிரபு கப்பலிறங்கியபோது, சதுரங்கப்பட்டினத்தின் ஒல்லாந்தர் சட்டப்படி பகைவராகிவிட்டனர். சில நாட்களுக்குள் அவ்வூரும் பழவேற்காடும் பெரிய எதிர்ப்பின்றி ஆங்கிலேயர் கைக்கு வந்தன.

நாகப்பட்டினத்தில் நிலை வேறு. ஆளுநர் ரெய்னியர் வான் விளிசிங்கன் ஹைதர் அலியோடு உடன்படிக்கை செய்து அவருடைய படையைத் துணைக்குப் பெற்றார். ஓராண்டுக்கு முன் யாருடனும் சேராதிருந்த கம்பெனி இப்போது மைசூரின் கூட்டாளி. ஹைதரை எதிர்க்கும் படையைப் பிரிக்கக் கூடாது என்று தளபதி அயர் கூட் தடுத்தார், மெக்கார்ட்னி கேட்கவில்லை. முற்றுகைப் படையின் தலைமை ஹெக்டர் மன்றோவுக்குப் போயிற்று. காஞ்சிபுரத்தில் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிய அதே மன்றோ, 1781 நவம்பரில் தன் படையைவிடப் பெரிய காவற்படை இருந்த நாகப்பட்டினத்தைப் பிடித்தார். 1782 ஜனவரியில் அட்மிரல் ஹியூஸ் திருகோணமலையைக் கைப்பற்றினார்.

பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் வந்ததும் கடற்போர் தொடர்ந்தது. 1782 பிப்ரவரி 17 அன்று சஃப்ரனும் ஹியூஸும் மோதிய முதல் போருக்குச் சதுரங்கப்பட்டினத்தின் பெயரே நிலைத்தது. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் இதே இரு நாட்டாரும் சமாதானம் பேசிய ஊர். ஆகஸ்டு இறுதியில் சஃப்ரன் திருகோணமலையை மீட்டார். நன்னம்பிக்கை முனையை ஒல்லாந்தருக்குக் காத்துக் கொடுத்ததும் அவர்தான். தன் குடியேற்றங்களைத் தானே காக்க முடியாத நாடு, ஒரு வல்லரசிடமிருந்து தப்ப இன்னொரு வல்லரசின் தயவில் நின்றது.

காஞ்சி வட்டாரத்தின் இழப்பைப் போர்க்களங்களைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது. 1781 ஆகஸ்டு 27 அன்று புள்ளலூரில் மீண்டும் ஒரு போர் நடந்தது. அதில் மாண்ட ஆங்கில அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. ஆங்கிலேயருக்குத் தானியமும் மாடும் கிடைக்காதபடி ஜாகீரின் ஊர்களை ஹைதரின் குதிரைப்படை வெறுமையாக்கியது. குடிகள் சென்னைக்கு ஓடினர். பஞ்சம் பின்தொடர்ந்தது, 1782-இல் சென்னையில் தொடங்கிய கஞ்சித்தொட்டியே பின்னர் மணியக்காரர் சத்திரமாக வளர்ந்தது. தறியை விட்டுப் போனவர் பலர் திரும்பவில்லை.

திரும்பியவர்களைச் சந்தித்தது மாறிய சந்தை. ஒல்லாந்தக் கம்பெனி கப்பல்களையும் கடன் பெறும் தகுதியையும் இழந்திருந்தது. சதுரங்கப்பட்டினத்துக்கு அனுப்ப அதனிடம் பழையபடி முன்பணம் இல்லை. வாங்குவோர் குறைய, விலை சொல்லும் உரிமை சென்னைக் கம்பெனியின் கைக்கு நகர்ந்தது. நெசவாளர் அடுத்த ஊருக்குப் போய் அடுத்த கம்பெனியிடம் கேட்பது என்ற பழைய வழி அடைபட்டது. ஜாகீரை நவாபிடம் குத்தகைக்கு விட்டிருந்த ஆங்கிலக் கம்பெனி இக்காலத்தில் நேரடி நிர்வாகத்துக்கு எடுத்துக்கொண்டதால், நிலவரி கேட்டவனும் துணி வாங்கியவனும் ஒரே ஆளானார்கள். ஒல்லாந்த நடுநிலையின் முறிவு இப்பகுதிக்கு விளைத்த நீண்டகால மாற்றம் இதுவே. படையெடுப்பின் அழிவுகளை லயனல் பிளேஸ் போன்ற கலெக்டர்கள் 1790-களில் ஏரிகளைச் செப்பனிட்டும் காஞ்சிக் கோயில்களுக்கு மானியம் தந்தும் ஓரளவு ஈடுசெய்தனர். போட்டியாளன் போனதை யாரும் ஈடுசெய்யவில்லை.

சமாதானமும் அதன்பின்னும்

1784 மே 20 அன்று பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கையில் ஒல்லாந்தர் நாகப்பட்டினத்தை இழந்தனர். கீழைக் கடல்களில் ஆங்கிலக் கப்பல்கள் தடையின்றிச் செல்லவும் ஒப்புக்கொண்டனர். சதுரங்கப்பட்டினமும் பழவேற்காடும் திரும்பக் கிடைத்தன. பழவேற்காடு மீண்டும் தலைமையிடமாயிற்று. ஆனால் நடுநிலைக்குத் திரும்ப வழியில்லை. போர்த் தோல்விக்கு ஸ்டாட்ஹவுடரே காரணம் என்று எழுந்த தேசப்பற்றாளர் இயக்கம் 1787-இல் பிரஷியப் படையால் அடக்கப்பட்டது. 1795-இல் பிரெஞ்சுப் படை நாட்டுக்குள் புக, ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்கு ஓடி, கடல் கடந்த குடியேற்றங்களை ஆங்கிலேயரின் பாதுகாப்பில் விடும்படி அங்கிருந்து கடிதம் எழுதினார். சதுரங்கப்பட்டினம் இரண்டாம் முறையாக ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1799 இறுதியில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியே கலைந்தது.

நெப்போலியப் போர்கள் ஓய்ந்தபின் 1818-இல் இவ்வூர்கள் ஒல்லாந்தரிடம் ஒப்படைக்கப்பட்டன. அப்போது லங்காஷயரின் ஆலைத் துணி கீழைச் சந்தைகளில் நுழைந்துவிட்டது. சோழமண்டலத் துணியைக் கொண்டு நறுமணப் பொருள் வாங்கும் வணிகம் மறைந்துவிட்டது. 1824 மார்ச் 17 அன்று லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கையில், சுமத்ராவிலுள்ள பெங்கூலனைப் பெற்றுக்கொண்டு மலாக்காவையும் இந்தியாவிலுள்ள எல்லா இடங்களையும் ஒல்லாந்தர் விட்டுக்கொடுத்தனர். 1825-இல் சதுரங்கப்பட்டினம் செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகத்தில் சேர்ந்தது.